நிக்கல் சோதனைக் கிட்: தாலி ஊக்கு முதல் பெல்ட் பக்கிள் வரை தேய்த்துப் பார்த்ததில்

காது மடல், கழுத்து, மணிக்கட்டு, தொப்புளுக்குக் கீழே. இந்த இடங்களில் மாதக்கணக்கில் ஆறாத கரப்பான் படை இருந்தால், களிம்பை மாற்றுவதற்கு முன்னால் அங்கே எது உரசுகிறது என்று பார்க்க வேண்டும். அரிப்பு, பொரிப்பொரியாகக் கிளம்புதல், நீர் கோத்தல், பிறகு தோல் தடித்துக் கறுத்துப்போதல் என்று இந்த வரிசையில் வந்தால் சந்தேகப் பட்டியலில், தோலுக்கு ஒவ்வாமை தரும் நிக்கல் என்ற உலோகத்துக்குத்தான் முதலிடம். அதைக் கண்டுபிடிக்க ஆன்லைனில் இரண்டு பாட்டில் கொண்ட ஒரு சோதனைக் கிட் விற்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி கடைவீதிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சாமான்களின் மேல் அதைத் தேய்த்துப் பார்த்து எழுதுவது இது.

பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்: சொட்டு மூடி போட்ட சின்னப் பாட்டில் இரண்டு, ஒரு துண்டுத்தாள். ஒரு பாட்டிலில் ஆல்கஹாலில் கரைத்த டைமெத்தில்கிளையாக்சைம், வழக்கமாக 1 சதவீதம். இன்னொன்றில் நீர்த்த அம்மோனியா, 10 சதவீத அளவில். காது பட்ஸை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பரிசோதனை செய்தவர்களுக்கு இது பழைய பழக்கம். நிக்கல் இருந்தால் ரோஜா நிறத்தில் படியுமே, அதே வினைதான். 1905இல் லெவ் சுகாயேவ் என்ற ரஷ்ய வேதியியலாளர் கண்டறிந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நிக்கலுக்கு இதைவிட எளிய சோதனை வரவில்லை.

இரண்டையும் முன்கூட்டியே கலந்து ஒரே பாட்டிலில் விற்பதும் உண்டு. அதை வாங்க வேண்டாம். திறந்து திறந்து மூடும்போது அம்மோனியா பறந்துவிடும். அது போனபின் நிக்கல் இருந்தாலும் நிறம் சரியாக வராது. இரண்டு பாட்டிலாக இருந்தால் அம்மோனியா போய்விட்டதா என்று மூடியைத் திறந்த உடனே மூக்கே சொல்லிவிடும். எங்களுக்கு வந்த பெட்டியில் அம்மோனியாப் பாட்டிலின் உள்மூடி சரியாக இறுகாமல் துண்டுத்தாள் நனைந்திருந்தது. பார்சல் வந்ததும் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, கசிந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

செய்யும் முறை. பொருளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். எண்ணெய், மஞ்சள், பவுடர் அப்பியிருந்தால் மருந்து உலோகத்தைத் தொடாது. பட்ஸின் பஞ்சில் முதல் பாட்டிலிலிருந்து 2 சொட்டு, அடுத்ததிலிருந்து 2 சொட்டு. உடனே பொருளின் மேல் ஒரே இடத்தில் அழுத்தி 30 விநாடி தேய்க்க வேண்டும். பஞ்சில் ரோஸ் நிறமோ சிவப்போ ஏறினால் அந்தப் பொருள் நிக்கலை விடுகிறது. நிறம் பொருளில் வராது, பஞ்சில்தான் வரும். அதனால் பஞ்சை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் லேசான ரோஸ் கண்ணுக்கே தெரியாது. முடிந்ததும் பொருளை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும், அம்மோனியா கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பங்கரை வேண்டாம். முத்து, பவளம் பதித்த நகையில் மருந்து படக்கூடாது. தோலின் மேல் தேய்த்துப் பார்ப்பதும் கூடாது. துண்டுத்தாளில் இவையெல்லாம் ஆங்கிலத்தில், கண்ணில் படாத அளவு பொடி எழுத்தில் இருக்கின்றன. நம் ஊர்களில் இந்த அரிப்பால் அவதிப்படும் பலருக்கு அந்தத் தாளால் பயனில்லை. இந்தக் கிட்டின் மேல் எங்களுக்குள்ள பெரிய குறை இதுதான்.

துண்டுத்தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறோம். வீட்டுப் பொருளில் தேய்ப்பதற்கு முன்னால் சில்லறைப் பையைத் திறங்கள். 1990களில் வந்த கனத்த வெள்ளை 5 ரூபாய் நாணயம் ஒன்று எங்காவது கிடக்கும். அது முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அதில் தேய்த்தால் பஞ்சு ரோஸ் ஆகியே தீர வேண்டும். ஆகவில்லையென்றால் மருந்து கெட்டுவிட்டது. பிறகு ஒரு ஸ்டீல் 1 ரூபாய் நாணயத்தில் தேய்த்தால் நிறம் வரக்கூடாது, அதில் இரும்பும் குரோமியமும்தான். 5 ரூபாயிலேயே பின்னால் வந்த ஸ்டீல் நாணயமும் உண்டு. காந்தம் ஒட்டினால் அது ஸ்டீல், ஒட்டாத பழைய வெள்ளைதான் வேண்டும். இந்த இரண்டு நாணயத்தையும் பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷத்தில் மருந்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். காந்தத்தை வைத்தே நிக்கலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. நிக்கல் முலாம் பூசிய இரும்பு ஊக்கிலும் காந்தம் ஒட்டும், நிக்கலே இல்லாத ஸ்டீலிலும் ஒட்டும்.

இனி முக்கியமான பொருளுக்கு வருவோம்: தாலிக் கொடியில் கோத்திருக்கும் ஊக்கு.

நம் பக்கத்தில் பெண்கள் தாலியிலோ மஞ்சள் கயிற்றிலோ அவசரத்துக்கு உதவும் என்று இரண்டு மூன்று ஊக்கு மாட்டி வைப்பது வழக்கம். தண்ணீர் தூக்கும்போதும், பூ பறிக்கும்போதும், அடுப்பெதிரே நிற்கும்போதும் அந்தக் கொத்து நெஞ்சின் நடுவில் ஒரே இடத்தில் வியர்வையோடு ஒட்டிக் கிடக்கிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. இந்த ஊக்கு பெரும்பாலும் இரும்புக் கம்பியின் மேல் நிக்கல் முலாம் பூசியது. அந்தப் பளபளப்பே நிக்கல்தான். வியர்வையில் உள்ள உப்பு அந்த முலாமை நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். நாலணா அளவில் தொடங்கிய படை உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, தோல் தடித்துக் கறுத்துப்போகும். பழி மஞ்சள் கயிற்றின் மேல் விழும். கயிற்றை மாற்றிவிட்டு, அதே ஊக்கை எடுத்துப் புதுக் கயிற்றில் மாட்டுவார்கள்.

வளையல் கடையில் அட்டையாக விற்கும் அந்த ஊக்கின் தலைப்பகுதியில், தகடு மடிந்து கம்பியைப் பிடித்திருக்கும் இடத்தில், பட்ஸை வைத்துத் தேய்த்தால் 30 விநாடிகூட ஆகாது. பத்து எண்ணுவதற்குள் பஞ்சு செம்பருத்திப் பூவைப் பிழிந்ததுபோல் சிவந்துவிடுகிறது. இந்தக் கிட் தன் விலைக்கு நியாயம் செய்வது இந்த ஒரு இடத்தில்தான் என்று வைத்துக்கொண்டாலும் வாங்கலாம். “ஊக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கழற்றிவிடுங்கள் அக்கா” என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பஞ்சு சிவப்பதைக் கண்ணால் பார்த்தபின் தானே கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. துருப்பிடித்த ஊக்கில் தேய்த்தால் இரும்பும் இந்த மருந்தோடு சேர்ந்து செந்நிறம் காட்டக்கூடும். துரு இல்லாத ஒன்றில்தான் தேய்க்க வேண்டும். செம்பு, பித்தளை வெளியே தெரியும் பொருளில் பச்சையோ பழுப்போ ஏறும். அது நிக்கல் இல்லை. ரோஸும் பழுப்பும் கலந்து குழப்பினால் 5 ரூபாய் நாணயத்தில் தேய்த்த பஞ்சைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஃபேன்சி ஸ்டோர் தோடு, ஜிமிக்கிகளில் முடிவு பொருளுக்குப் பொருள் மாறியது. முகப்பில் நிறம் வராது. காது துளைக்குள் போகும் தண்டிலும் திருகாணியிலும் வரும். தேய்க்க வேண்டியது அந்தத் தண்டைத்தான். தொங்கும் பகுதியில் தேய்த்துவிட்டு நிக்கல் இல்லை என்று முடிவுகட்டுவது இந்தக் கிட்டை வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு. கவரிங் நகையில் இன்னொரு சிக்கல் உண்டு. தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு கொடுத்திருந்தால், புதிதாக இருக்கும்போது பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். மேல் முலாம் தேய்ந்தபின் அதே நகை சிவக்கும். புதுக் கவரிங் சங்கிலி ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்து ஏழாம் மாதம் கழுத்தைச் சுற்றிப் படையாவதற்குக் காரணம் இதுதான். கழுத்தின் பின்புறம் படும் கொக்கியும் வளையமும் முதலில் தேயும். அங்கேதான் தேய்த்துப் பார்க்க வேண்டும். நிறமில்லாத வார்னிஷ் பூசிய நகையிலும் இதே கதைதான்.

ஜெர்மன் சில்வர் என்று விற்கும் குங்குமச்சிமிழ், கொலுசு, வளையல்களில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது. பஞ்சு நன்றாகச் சிவக்கிறது. பூஜைத் தட்டாக இருந்துவிட்டுப் போகட்டும். கொலுசாகக் காலில் கிடந்தால்தான் வம்பு. அசல் வெள்ளி மெட்டி, கொலுசில் நிறம் வரவில்லை. ‘ஒயிட் மெட்டல்’ என்று பொதுவாகச் சொல்லி விற்பதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒவ்வொன்றாகத் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும். 916 முத்திரை உள்ள தங்கத்தில் மீதமுள்ள பங்கு வழக்கமாகச் செம்பும் வெள்ளியும், அதனால் நிக்கல் பயம் குறைவு. வெள்ளைத் தங்கத்தை மட்டும் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

ஆண்கள் பக்கம் வந்தால் தேய்த்துப் பார்க்க வேண்டியவை பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பட்டனின் பின்பக்கக் குமிழ், வாட்சின் பின்மூடி, கண்ணாடி ஃபிரேமில் காதோரம் படும் கம்பி. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுபவருக்குப் படை வருவதில்லை. வெறும் வயிற்றில் பக்கிள் படுகிறவருக்கு வருகிறது. ஓசூர், பர்கூர் தொழிற்பேட்டைக்கு பைக்கில் போய்வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரமும் பக்கிள் வயிற்றில் அழுந்தியபடியே இருக்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

சமையலறை எவர்சில்வர் பாத்திரங்களில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. 304 ரகத்தில் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் மேலே படிந்திருக்கும் குரோமியம் ஆக்ஸைடு படலம் அதை வெளியே விடுவதில்லை. தோலுக்குப் பிரச்சினை ஒரு பொருளில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான். ஐரோப்பியச் சட்டமும் இதைத்தான் அளக்கிறது: தோலில் தொடர்ந்து படும் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை விடக்கூடாது. துளைக்குள் போகும் தண்டுக்கு வரம்பு 0.2. முதல் விதி 1994இல் வந்தது, தண்டுக்கான இந்த 0.2 வரம்பு 2004இல். பாத்திரங்களைத் தூக்கிப் போடச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் கேட்க வேண்டாம். நிக்கல் ஒவ்வாமை உறுதியானபின், உள்ளங்கையில் நீர்க்கொப்புளம் திரும்பத் திரும்ப வருகிற சிலருக்கு மட்டும் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கைப் புது ஸ்டீல் பாத்திரத்தில் வெகுநேரம் கொதிக்கவிடாமல் இருப்பதும், நிக்கல் அதிகமுள்ள முந்திரி, சோயா, சாக்லேட்டைக் குறைப்பதும் பயன்படலாம். அதையும் மருத்துவர் சொல்லிச் செய்தால் போதும்.

இந்தக் கிட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? பஞ்சு சிவந்தால் நம்பலாம். வெள்ளையாக இருந்தால் முழுதாக நம்பக்கூடாது. வரம்பை ஒட்டிக் கொஞ்சமாக நிக்கல் விடும் பொருள்கள் இதில் தப்பிவிடும். சந்தேகம் பலமாக இருந்து நிறம் வரவில்லையென்றால், அந்தப் பொருளை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி ஒரு இரவு வைத்து, மறுநாள் கழுவாமல் அதே இடத்தில் தேய்த்துப் பாருங்கள். வியர்வை செய்யும் வேலையை உப்புத் தண்ணீர் செய்துவைக்கும். ஏற்கெனவே தேய்ந்த இடம் இருந்தால் அங்கே தேய்ப்பது இன்னும் நல்லது. 5க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்தது தமிழ்த் துண்டுத்தாள் இல்லாததற்கும், மூடி கசிந்ததற்கும்.

இதனால் ஆகாத காரியம் ஒன்று, நம் மாவட்டங்களுக்கு மிக முக்கியமானது. தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போகும் கொத்தனார், சித்தாள் கைகளில் வெடித்துக் கிடக்கும் கரப்பானுக்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல் இல்லை, சிமெண்டில் கரையும் ஆறிணைதிறக் குரோமியம் (குரோமியம் உலோகத்தின் ஒவ்வாமை தரும் வடிவம்). இந்தக் கிட் அதைக் காட்டாது. அதற்கு டைஃபினைல்கார்பசைடு என்ற வேறு மருந்து வேண்டும். அது ஊதா நிறம் காட்டும். ஐரோப்பாவில் 2005 முதல் சிமெண்டில் இந்தக் குரோமியம் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது, ஃபெரஸ் சல்பேட் சேர்த்து அதைச் செயலிழக்கச் செய்கிறார்கள். ஈரச் சிமெண்டின் காரமும் தனியாகத் தோலை அரிக்கும். அது புண், கலவை பட்ட இடத்தில் அன்றைக்கே எரியும். குரோமியம் ஒவ்வாமை என்றால் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்போடு வரும், வேலையை விட்டபின்னும் வருஷக்கணக்கில் இருக்கும். சாதாரண ரப்பர் கையுறையில் கலக்கும் மருந்துகளே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே பருத்தி உறையும் மேலே நைட்ரைல் உறையும் போடுவது நல்லது. வேலை முடிந்து கையை மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்த வேண்டும். தோல் செருப்பின் வார் படும் இடத்தில் மட்டும் படை இருந்தாலும் குரோமியத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; தோல் பதனிடுவது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

உலோகத்துக்குச் சம்பந்தமே இல்லாததையும் பலர் இந்தக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அரைஞாண் கயிற்றின் ஓரமாக வட்டம் வட்டமாக, விளிம்பு சிவந்து நடுவில் தெளிந்து பரவினால் அது படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்டால் நாலு நாள் அடங்கி, பிறகு இரண்டு பங்காகக் கிளம்பும். பாவாடை நாடா இறுக்கிய கோட்டிலேயே தோல் கறுத்து உரிவது அழுத்தத்தால் வருவது. அகலமான நாடா போட்டால் குறையும். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடம் வெளுத்தால் அது பசையின் வேலை. முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று வெயில், காற்று படும் இடமெல்லாம் அரித்தால், வயலோரம் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளிச் செதிலாக உதிரும் காளாஞ்சகப்படை நிக்கலால் வருவதில்லை.

தண்ணீரையும் குறை சொல்கிறார்கள். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு உலோகம் அல்ல. அது கெடுப்பது பல்லையும் எலும்பையும்; கரப்பானுக்கு அது காரணம் இல்லை. குளிக்கும் தண்ணீர் உடம்பு முழுக்கப் படுகிறது. நெஞ்சில் ஒரே இடத்தில் மட்டும் படை இருந்தால், அந்த இடத்தில் மட்டும் படுவது எது என்று தேட வேண்டும்.

கிட் பொருளைச் சோதிக்கிறது, உடம்பை அல்ல. உங்கள் ஊக்கு சிவந்தது என்பதால் உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை என்று ஆகிவிடாது. அதே ஊக்கை மாட்டிக்கொண்டு ஒன்றும் ஆகாத பெண்கள்தான் அதிகம். உறுதி செய்வது தோல் மருத்துவர் முதுகில் ஒட்டும் பேட்ச் டெஸ்ட். நிக்கல் சல்பேட் 5 சதவீதம், கோபால்ட் குளோரைடு 1 சதவீதம், பொட்டாசியம் டைகுரோமேட் ஆகியவற்றை வாசலினில் கலந்து சிறு கிண்ணிகளில் வைத்து ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒரு முறையும், அதற்கு இரண்டு நாள் கழித்து மறுமுறையும் பார்க்க வேண்டும். திங்களன்று ஒட்டினால் புதனும் வெள்ளியும் போக வேண்டிவரும். வெள்ளிக்கிழமைப் பார்வையைத் தவறவிட்டால் சோதனையே பாதிதான், ஏனென்றால் உலோக ஒவ்வாமை தாமதமாகத்தான் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இந்தச் சோதனை செய்கிறார்களா, எந்தக் கிழமையில் என்று முதலில் விசாரித்துவிட்டு லீவு போடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்த்து பிளாஸ்திரி கழன்றுவிடும். மார்கழி, தை தோதானது. ஒட்டிய நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்தத்திலும் முடியிலும் உலோக அளவு பார்த்து, ‘நச்சு நீக்க’ பேக்கேஜ் விற்பவர்களிடம் போக வேண்டாம். ஒவ்வாமைக்கும் ரத்தத்தில் உள்ள நிக்கல் அளவுக்கும் தொடர்பில்லை.

தாமதம் என்பதை வீட்டிலும் நினைவில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட தோடு செவ்வாய்க்கிழமை அரிக்கும். அதற்குள் தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். பழி கல்யாண வீட்டுக் கத்தரிக்காய்க் கூட்டின் மேல் விழும். அரிப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று நாள் பின்னோக்கிப் போய், என்ன போட்டோம் என்று யோசியுங்கள்.

ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுளுக்கும் இருக்கும். கிட்டில் சிவந்த பொருளை விலக்குவதுதான் வைத்தியத்தில் பாதி. ஜீன்ஸ் பட்டனின் பின்னால் தடித்த துணியைத் தைத்துவிடலாம். நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசலாம் என்பார்கள். அது சில நாளில் உரிந்துவிடும், விடாமல் மறுபடி பூசுகிறவர்களுக்கே பயன்படும். காதுக்கு 22 காரட் தங்கமோ டைட்டானியமோ போடலாம். ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் தேய்த்துப் பாருங்கள். பொருளைக் கழற்றிய மறுநாளே படை போய்விடாது. தடித்த தோல் இறங்கச் சில வாரங்கள் பிடிக்கும். “கழற்றியும் சரியாகவில்லை” என்று ஒரு வாரத்தில் திரும்ப மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

பாட்டில்களைப் பூட்டிய பீரோவில், குழந்தைகள் கைக்கு எட்டாமல், மூடியை இறுக்கி நிமிர்த்தி வையுங்கள். பைக் பெட்டியிலோ ஓட்டு வீட்டுப் பரணிலோ வைத்தால் ஒரு கோடை தாங்காது. ஒரு பொருளுக்கு நாலு சொட்டுதான் செலவாகும் என்பதால் பக்கத்து வீட்டு அக்கா, சித்தி, அத்தை எல்லாருடைய தாலி ஊக்கையும் தேய்த்துப் பார்த்த பிறகும் பாட்டிலில் மீதி இருக்கும்.